பதிவு இருக்கு, அங்கீகாரம் இல்லை: மதுரையில் சின்னக் கட்சி எத்தனை தொகுதியில் நிற்கலாம்? (குழு உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

செல்லூர் தறி

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். எங்க கட்சி பேரு இங்க வேணாம். தேர்தல் ஆணையத்துல பதிவு இருக்கு, அங்கீகாரம் கிடையாது. ஆளுங்கட்சியோடவும் இல்ல, பெரிய எதிர்க்கட்சியோடவும் இல்ல. பலம்னு சொன்னா மதுரை மாவட்டம் மட்டும்தான். செல்லூர், ஆரப்பாளையம், ஆனையூர் பக்கம் கொஞ்சம், ஒத்தக்கடை, மேலூர் பக்கம் கொஞ்சம்.

சட்டமன்றத் தேர்தல்ல மாவட்டத்தோட 10 தொகுதியிலயும் நிக்கணும்னு தலைமை சொல்லுது. "டெபாசிட் 10,000 தானே, பத்துக்கும் சேர்த்து ஒரு லட்சம்" அப்படிங்கிறது அவங்க கணக்கு. கீழ வேலை பாக்குறவங்களுக்கு அது சரியாப் படல. எத்தனை தொகுதி, ஆளையும் காசையும் எதுல முதல்ல போடணும், வழக்கமா எங்க சறுக்கும்? கொள்கை விளக்கம் வேணாம், வேலை விவரம் சொல்லுங்க.

நாலாம் நம்பர் பூத்

தம்பி, தொகுதிக் கணக்கை மேல இருந்து போடாதீங்க, பூத்துல இருந்து போடுங்க.

ஒரு பூத்துக்கு 1,200 வாக்காளர்தான் உச்சம்னு வந்த பிறகு பூத் எண்ணிக்கை கூடிருச்சு. கணக்குக்குத் தொகுதிக்கு 300 பூத்னு வைங்க. காலையில 7 மணிக்கு ஓட்டுப்பதிவுன்னா மாதிரி வாக்குப்பதிவு 5.30-க்கு. அதுக்கு முன்னாடியே ஏஜென்ட் உள்ள இருக்கணும். சாயங்காலம் மிஷினுக்கு சீல் வைக்கிற வரைக்கும் ஒரே ஆளு உக்காந்திருக்க முடியாது, மாத்து ஆளு வேணும். சட்டப்படி ஒரு பூத்துக்கு ஒரு ஏஜென்ட்டும் இரண்டு மாற்று ஏஜென்ட்டும் போடலாம், ஆனா உள்ள ஒரு நேரத்துல ஒருத்தர்தான். குறைஞ்சது ரெண்டு பேருன்னாலும் 600 பேர் ஆச்சு. டிபன், மதியச் சாப்பாடு, டீ, போக வர எல்லாம் சேர்த்து ஆளுக்கு 500 ரூபான்னு வச்சாலே அந்த ஒரு நாளுக்கு மட்டும் 3 லட்சம். டெபாசிட் 10,000-ஐப் பேசுறாங்க, இந்த 3 லட்சத்தை யாரும் பேசுறதில்ல.

10 தொகுதின்னா 6,000 பேர். உங்க உறுப்பினர் நோட்டை எடுத்து, பாகம் வாரியா (ஒரு பூத்துக்கான வாக்காளர் பட்டியல்தான் ஒரு பாகம்) பேரைப் பிரிச்சுப் பாருங்க. எந்தத் தொகுதியில பாதிப் பூத்துக்காவது சொந்த ஆளு இருக்கோ, அதுதான் உங்க தொகுதி. மத்ததெல்லாம் போஸ்டர்.

கோர்ட்டு வாசல்

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து என்பது இருப்பதிலேயே மோசமான எண்ணிக்கை. ஒன்று 12-க்குப் போங்கள், இல்லாவிட்டால் இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். காரணம் சின்னம்.

1968-ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணை, பத்தி 10பி. அங்கீகாரம் இல்லாத பதிவுபெற்ற கட்சிக்கு எல்லாத் தொகுதிக்கும் ஒரே பொதுச் சின்னம் வேண்டுமென்றால், மாநிலத்தின் மொத்தத் தொகுதிகளில் குறைந்தது 5 சதவீதத்தில் வேட்பாளர் நிறுத்த வேண்டும். 234-இல் 5 சதவீதம் 11.7. அதாவது 12. மதுரை மாவட்டத்தில் இருப்பதோ மேலூர், மதுரை கிழக்கு, சோழவந்தான், வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு, திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி என 10 மட்டுமே. பத்திலும் நின்றால் பத்துத் தொகுதிச் செலவும் உண்டு, பொதுச் சின்னமும் கிடையாது. ஆனையூரில் ஒரு சின்னம், அவனியாபுரத்தில் வேறு சின்னம் என்று அலைய நேரும்.

நாடாளுமன்றத் தேர்தலுக்கு இதே விதியில் குறைந்தபட்சம் 2 தொகுதி. 2024-இல் மதிமுக திருச்சியில் மட்டும் நின்றதால்தான் பம்பரம் கிடைக்காமல் தீப்பெட்டியில் நிற்க நேர்ந்தது.

விண்ணப்பத்தைச் சட்டமன்றத்தின் ஆயுள் முடிய ஆறு மாதம் இருக்கும்போதிலிருந்து கொடுக்கலாம். பொதுச் சின்னம் முதலில் கேட்டவருக்கே. 2024-இல் நாம் தமிழர் கட்சி கரும்பு விவசாயியை இழந்தது இதனால்தான்; வேறு மாநிலக் கட்சி ஒன்று முந்திக்கொண்டது, இவர்களுக்கு மைக் வந்தது. அந்த மைக்கில் நின்றே 8 சதவீதத்தைத் தாண்டி அங்கீகாரம் வாங்கினார்கள், அது வேறு கதை. விண்ணப்பத்தில் 10 சின்னங்களை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். கடைசி மூன்று நிதியாண்டின் தணிக்கைக் கணக்கும், முந்தைய இரண்டு தேர்தல்களின் கட்சிச் செலவுக் கணக்கும் நிலுவையில்லாமல் இருக்க வேண்டும். சின்னக் கட்சிகள் இடறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சின்னத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு நாலு கூட்டம் போடுவார்கள், ஆடிட்டரிடம் கோப்பு இருக்கிறதா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இந்தச் சலுகை இரண்டு பொதுத்தேர்தலுக்குத்தான். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் முந்தைய தேர்தலில் மாநில அளவில் பதிவான ஓட்டில் 1 சதவீதமாவது வாங்கியிருக்க வேண்டும்.

செல்லூர் தறி

12-க்கு ஆள் இல்லண்ணே, சத்தியமா. பொதுச் சின்னம் இல்லாம நின்னா என்ன ஆகும்? சுயேச்சை கணக்குத்தானா?

கோர்ட்டு வாசல்

முழுக்க அப்படி இல்லை. வேட்புமனுவில், எந்தக் கட்சிக்கும் ஒதுக்கப்படாத சின்னங்களின் பட்டியலிலிருந்து மூன்றை வரிசையாக எழுதுவீர்கள். ஒரே சின்னத்தை நீங்களும் ஒரு சுயேச்சையும் கேட்டால், பதிவுபெற்ற கட்சியின் வேட்பாளருக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் இன்னொரு பதிவுபெற்ற கட்சிக்காரரும் அதையே கேட்டால் குலுக்கல். மூன்று தொகுதியிலும் ஒரே மூன்று சின்னத்தை ஒரே வரிசையில் எழுதினால் மூன்றிலும் ஒன்றே அமைய வாய்ப்பு உண்டு. உறுதி கிடையாது.

சிக்கல் நாள் கணக்கில். அறிவிக்கை வெளியானதிலிருந்து ஏழாம் நாள் மனுத்தாக்கல் முடியும், மறுநாள் பரிசீலனை, அதற்கு இரண்டு நாள் கழித்து வாபஸ் கெடு. சின்னம் கையில் வருவது அந்த வாபஸ் நாள் பிற்பகல் 3 மணிக்குப் பிறகு. வாபஸ் கெடுவுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டம் தரும் குறைந்தபட்ச இடைவெளி 14 நாள். அதில் கடைசி 48 மணி நேரம் பிரசாரம் கூடாது. ஆகச் சின்னத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்க 12 நாள்தான் கிடைக்கும் என்று வைத்தே திட்டம் போடுங்கள்.

ஒத்தக்கடை மைக்செட்

அதனால பிரிண்டிங்க ரெண்டாப் பிரிச்சுக்கங்க. சின்னம் வர்றதுக்கு முன்னாடி வேட்பாளர் முகமும் பேரும் மட்டும். சின்னம் வந்த அன்னிக்கு ராத்திரியே சின்னம் மட்டும் பெருசாப் போட்ட சின்ன சைஸ் நோட்டீஸ். இதுக்கு சிவகாசி பிரஸ்ல முன்னமே பேப்பருக்கு அட்வான்ஸ் குடுத்து மிஷின் நேரத்தைப் பிடிச்சு வைக்கணும். வாபஸ் அன்னிக்கு சாயங்காலம் எல்லாக் கட்சியும் அங்கதான் நிக்கும். அட்வான்ஸ் இல்லாத பார்ட்டிக்கு நாலு நாள் கழிச்சுத்தான் கட்டு வரும்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தோட 127ஏ பிரிவை மறந்துறாதீங்க. அச்சடிச்சவர், வெளியிடுபவர் பேரும் முகவரியும் நோட்டீஸ்ல இருக்கணும். வெளியிடுபவர் ஒரு உறுதிமொழி எழுதி, அவரைத் தெரிஞ்ச ரெண்டு பேர் கையெழுத்தோட ரெண்டு பிரதி பிரஸ்ல குடுக்கணும். சிவகாசியில அடிச்சா பிரஸ்காரர் அதை விருதுநகர் கலெக்டருக்கு அனுப்புவார், மதுரைக்கு இல்ல. அதனால ஒரு நகலும் பில்லும் உங்க வண்டியில இருக்கட்டும். கப்பலூர் டோல்கேட் பக்கம் பறக்கும் படை மறிச்சா 10,000 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள பிரசாரப் பொருளுக்கு ரசீது கேப்பாங்க. 50,000-க்கு மேல ரொக்கம் இருந்தாலும் அதே கதைதான்.

சுவர் விளம்பரம்: மாநகராட்சி எல்லைக்குள்ள சுண்ணாம்பு டப்பாவையே தூக்காதீங்க. கிராமத்துல வீட்டுக்காரர் எழுதிக் குடுத்த சம்மதத்தோட எழுதி, அந்தச் சம்மதத்தோட நகலை மூணு நாளுக்குள்ள தேர்தல் அலுவலர்கிட்ட குடுத்துரணும். போஸ்டர் ஒட்டுற மைதாப் பசையில கொஞ்சம் துத்தம் போட்டுக் காய்ச்சச் சொல்லுங்க. இல்லன்னா விடியறதுக்குள்ள மாடு தின்னுட்டுப் போயிரும், எதிர்க்கட்சி கிழிச்சான்னு ஸ்டேஷனுக்குப் போவீங்க.

கணக்கப்பிள்ளை

எல்லாரும் செலவு பண்ணுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். கணக்குப் பக்கம் வருவோம்.

சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம். சின்னக் கட்சி அதைத் தொடப்போவதில்லை. ஆகவே "நமக்கென்ன" என்று விட்டுவிடுகிறார்கள். ஆபத்து உச்சவரம்பில் இல்லை, கணக்குக் கொடுக்காததில் இருக்கிறது. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்கு மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் சேர வேண்டும். ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காவிட்டாலும் கொடுக்க வேண்டும். தவறினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவில் மூன்று ஆண்டு எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாது. தோற்ற மறுநாளே வேட்பாளர் சொந்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார், பில் எல்லாம் யாரோ ஒரு பகுதிச் செயலாளர் வீட்டில் இருக்கும், அவர் போனை எடுக்க மாட்டார். பத்துத் தொகுதியில் நின்றால் இது பத்து மடங்கு.

நடைமுறை: மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தேர்தல் செலவுக்கென்றே தனி வங்கிக் கணக்கு திறக்க வேண்டும், பழைய சேமிப்புக் கணக்கு ஆகாது. எல்லாப் பணமும் அதற்குள் போய்த்தான் வெளியே வர வேண்டும். ஒரே ஆளுக்கோ கடைக்கோ தேர்தல் முழுவதும் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, அதற்கு மேல் காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம். மைக்செட்காரருக்கு நாள்தோறும் 2,000 என்று ஆறு நாள் கையில் கொடுத்தால் 12,000 ஆகிவிடும். ஒவ்வொரு ரசீதும் சிறியதாக இருக்கும், மொத்தம் விதியை மீறியிருக்கும்.

பதிவேட்டில் மூன்று பகுதி: வெள்ளைத்தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. பிரசார காலத்தில் குறைந்தது மூன்று முறை செலவினப் பார்வையாளர் முன் காட்ட வேண்டும். அவர்கள் பக்கம் ஒரு நிழல் பதிவேடு இருக்கும். உங்கள் கூட்டத்தை வீடியோ எடுத்து, நாற்காலி, பந்தல், கொடி, டீ என்று மாவட்ட விலைப்பட்டியல்படி அவர்களே விலை போட்டு எழுதியிருப்பார்கள். நாற்காலி ஓசியில் வந்தது என்றாலும் பட்டியல் விலையை ஏற்றத்தான் வேண்டும். விலைப்பட்டியலை முதல் நாளே வாங்கி, அதை வைத்தே எழுதினால் தகராறு வராது.

மனுத்தாக்கல் செய்யும் நாள் முதல் முடிவு வரும் நாள் வரை கணக்கு. முன்பே அடித்து வைத்த நோட்டீஸை அந்தக் காலத்தில் விநியோகித்தால் அதுவும் ஏறும்.

உசிலம்பட்டி ரோடு

கணக்கப்பிள்ளை அண்ணன் சொன்னதுல ஒண்ணு விட்டுப் போச்சு. வேட்பாளர் கணக்கு வேற, கட்சிக் கணக்கு வேற. சட்டமன்றத் தேர்தல் முடிஞ்சு 75 நாளுக்குள்ள கட்சியும் தன் செலவுக் கணக்கை ஆணையத்துக்குக் குடுக்கணும். நன்கொடை 20,000-க்கு மேல வந்தா படிவம் 24ஏ-ல காட்டணும். 2025 ஆகஸ்டுல 334 கட்சி, செப்டம்பர்ல 474 கட்சின்னு ஆணையம் பட்டியல்ல இருந்து தூக்குச்சுல்ல, ஆறு வருஷமா எந்தத் தேர்தல்லயும் நிக்காததுக்கு. பதிவைக் காப்பாத்தணும்னா ஒரு இடத்துலயாவது நிக்கணும்ங்கிறது உண்மை. அதுக்கு பத்து இடம் தேவையில்ல.

வில்லாபுரம் அக்கா

வேட்புமனு பத்தி யாரும் வாயே திறக்கலையே. சின்னக் கட்சி பாதி சாகுறது அங்கதான்.

பெரிய கட்சிக்கு முன்மொழிய ஒரு ஆளு போதும். நமக்கு 10 பேர், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளரா இருக்கணும். செல்லூர்ல இருக்கவங்கன்னு பத்துப் பேரைக் கூட்டிட்டு வருவீங்க, பாத்தா நாலு பேரு ஓட்டு பக்கத்துத் தொகுதியில இருக்கும். தெரு ஒண்ணுதான், தொகுதி வேற. பாகம் எண், வரிசை எண் ரெண்டையும் இப்ப இருக்கிற பட்டியல்ல பாத்து எழுதணும். 2025-ல ஆரம்பிச்ச சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு (வாக்காளர் பட்டியலை முழுசா சரிபாத்த வேலை) பிறகு பழைய நம்பர் எதுவும் செல்லாது. வரைவுப் பட்டியல்லயே மாநிலம் முழுக்க 97 லட்சம் பேர் விட்டுப் போனாங்க, உங்க ஆளு பேரே இருக்கான்னு முதல்ல பாருங்க.

ஒரு வேட்பாளர் நாலு மனு வரைக்கும் போடலாம். டெபாசிட் ஒரு தடவைதான். அதனால குறைஞ்சது ரெண்டு செட், ரெண்டுலயும் வேற வேற பத்துப் பேர். 2017-ல ஆர்.கே.நகர் இடைத்தேர்தல்ல நடிகர் விஷால் மனு தள்ளுபடியானது ஞாபகம் இருக்கா? முன்மொழிஞ்சவங்கள்ல ரெண்டு பேரு "எங்க கையெழுத்து இல்ல"ன்னுட்டாங்க. அவ்வளவு பெரிய ஆளுக்கே அந்தக் கதின்னா நம்ம எம்மாத்திரம். பரிசீலனை முடியிற வரைக்கும் இருபது பேரும் கண்ணு முன்னாடி இருக்கணும், அவங்க வீட்டுக்கு வேற கட்சிக்காரன் போகாமப் பாத்துக்கணும். கைநாட்டு வைக்கிறவங்களா இருந்தா, அதை அதிகாரி முன்னாடிதான் வைக்கணும். வீட்லயே வச்சுக் கொண்டு போனா செல்லாது.

படிவம் 26 பிரமாணப் பத்திரத்துல ஒரு கட்டத்தையும் காலியா விடக்கூடாது. இல்லன்னா "இல்லை", பொருந்தலைன்னா "பொருந்தாது"ன்னு எழுதணும், கோடு போடக்கூடாது. மனைவி பேர்ல உள்ள நகை, கூட்டுறவுச் சங்கக் கடன் எல்லாம் வரணும்.

கோர்ட்டு வாசல்

அக்கா சொன்னது முழுக்கச் சரி. இன்னும் மூன்று விஷயம்.

இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி எழுதித்தரும் படிவம் ஏ, பி இரண்டும் மனுத்தாக்கல் கடைசி நாள் 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் கையில் இருக்க வேண்டும். மையால் போட்ட கையெழுத்துதான், ரப்பர் ஸ்டாம்ப், ஸ்கேன் எதுவும் கூடாது. கட்சித் தலைவர் சென்னையில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்பார், அது செல்லாது. அந்தப் படிவம் இல்லையென்றால் வேட்பாளர் சுயேச்சையாகிவிடுவார். சின்னத்துக்கான முன்னுரிமையும் போகும், வேட்பாளர் பட்டியலில் கட்சியின் பெயரும் வராது.

இரண்டாவது, உறுதிமொழி. மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்தாக வேண்டும். மனு கொடுத்த கையோடு அந்த அறையிலேயே எடுத்துவிட்டுச் சான்று வாங்குங்கள்.

மூன்றாவது, போராட்ட வழக்குகள். எதிர்க்கட்சி என்றால் மறியல் வழக்கு இல்லாத ஆள் கிடைக்க மாட்டார். அண்ணா பேருந்து நிலையம் பக்கம் சாலையில் உட்கார்ந்ததற்குப் போட்ட எஃப்.ஐ.ஆர். நிலுவையில் இருந்தால் அதுவும் படிவம் 26-இல் வர வேண்டும். எந்த ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர். எண், பிரிவு, நீதிமன்ற வழக்கு எண், குற்றச்சாட்டு வனைந்தார்களா என்பது வரை. அறிவிப்பு வருவதற்கு முன்பே ஸ்டேஷன் வாரியாகப் பட்டியல் எடுத்துவிடுங்கள். வழக்கு இருந்தால் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மூன்று தடவை விளம்பரம் கொடுக்க வேண்டும்: வாபஸ் கெடுவிலிருந்து முதல் 4 நாளுக்குள் ஒன்று, 5 முதல் 8-ஆம் நாளுக்குள் இரண்டாவது, 9-ஆம் நாளிலிருந்து பிரசாரம் முடிவதற்குள் மூன்றாவது. செலவு வேட்பாளருடையது. வழக்கில்லாத ஒருவரை நிறுத்தினால் இந்தக் காசு மிச்சம். அதைச் சொன்னால் போராடியவனை ஒதுக்குகிறாயா என்று சண்டைக்கு வருவார்கள்.

செல்லூர் தறி

வாக்காளர் பட்டியல் கட்சிக்கு இலவசம்னு சொல்றாங்களே?

நாலாம் நம்பர் பூத்

அங்கீகாரம் பெற்ற கட்சிக்குத்தான் இலவசம், தம்பி. நமக்கு ஆணையத் தளத்துல பாகம் பாகமா இறக்கிக்கிறதுதான் வழி. அதுவும் படமா இருக்கிற பி.டி.எஃப்., தேடினா பேர் வராது. 300 பாகத்தையும் எழுத்தா மாத்துறேன்னு உக்காந்தா தேர்தலே முடிஞ்சிரும். ஆளு இருக்கிற பாகத்தை மட்டும் அச்செடுத்து, தெருத் தெருவாப் பிரிச்சு, ஒரு தாளுக்கு 30 வீடுன்னு ஒருத்தர் கையில குடுங்க. செத்தவர், குடிபெயர்ந்தவர், திருப்பூர், சென்னைக்கு வேலைக்குப் போனவர்னு பேனாவால குறிச்சு வாங்குங்க. பூத்துல உங்க ஏஜென்ட் ஆட்சேபம் சொல்லணும்னா அந்தத் தாள்தான் ஆயுதம்.

பூத் சிலிப் குடுக்குறதா இருந்தா வெறும் வெள்ளைத் தாள்ல. சின்னம், வேட்பாளர் பேர், கட்சிப் பேர் எதுவும் இருக்கக்கூடாது.

தெற்குவாசல்

நான் கேட்கிறது கொஞ்சம் கசப்பா இருக்கும். ஏன் தனியா நிக்கணும்? கூட்டணியில ஒரு சீட்டு வாங்கிட்டு அவங்க சின்னத்துல நின்னா ஜெயிச்சாவது வரலாம்ல. 2021-ல மதுரை தெற்குல மதிமுக பூமிநாதன் உதயசூரியன்லதானே ஜெயிச்சார்.

கோர்ட்டு வாசல்

ஜெயிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சின்னத்தில் நிற்க அந்தக் கட்சியின் படிவம் பி வேண்டும், அதாவது காகிதத்தில் அவர் அந்தக் கட்சி உறுப்பினர். விழும் ஓட்டு முழுக்கப் பெரிய கட்சியின் சதவீதத்தில் ஏறும், உங்கள் கட்சிக்குப் பூஜ்யம். சட்டமன்றத்துக்குள்ளே அவர்கள் கொறடா சொன்னபடிதான் கை தூக்க வேண்டும். 2019-இல் விசிக இரண்டையும் செய்து பார்த்தது: விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில், சிதம்பரத்தில் திருமாவளவன் பானையில். பானை 3,219 ஓட்டில் கரை சேர்ந்தது. 2024-இல் இரண்டு பேரும் பானையிலேயே நின்று ஜெயித்தார்கள், அங்கீகாரமும் வந்தது. தனிச் சின்னத்துக்கு அந்தப் பலன் உண்டு. ஆனால் அதற்கும் கூட்டணி தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உசிலம்பட்டி ரோடு

தனியா நிக்கிறவனுக்கு உள்ளாட்சிதான் களம். மதுரை மாநகராட்சியில 100 வார்டு. 2022-ல கவுன்சிலர் டெபாசிட் 4,000, செலவு வரம்பு 85,000. ஒரு வார்டுல சில ஆயிரம் ஓட்டு வாங்குனா ஜெயிப்பு. அதே ஓட்டு சட்டமன்றத்துல டெபாசிட்டுக்குக்கூடக் காணாது. செல்லுபடியான ஓட்டு 2 லட்சம்னா ஆறுல ஒரு பங்குக்கு மேல, அதாவது 33,334 வாங்குனாத்தான் பணம் திரும்பும். நோட்டா அந்தக் கணக்குல சேராது. கிராம ஊராட்சித் தேர்தல் கட்சி அடிப்படையில இல்ல, அதனால அங்க கட்சிச் சின்னத்தோட கணக்கே வேற.

சட்டமன்றத்துல ரெண்டு தொகுதி நில்லுங்க, ஓட்டை வார்டு வாரியாப் பிரிச்சு வைங்க. எந்தப் பூத்துல எத்தனைன்னு தெரிஞ்சா உள்ளாட்சிக்கு வேட்பாளரைத் தேடவே வேணாம்.

ஒத்தக்கடை மைக்செட்

இது நல்ல யோசனை. ஆனா ஓட்டு விழணும்னா மிஷின்ல உங்க பேரு எங்க இருக்குன்னு சொல்லத் தெரியணும்.

மேல அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளர்கள், அடுத்து நம்ம மாதிரி பதிவுபெற்ற கட்சிகள், கடைசியா சுயேச்சைகள். ஒவ்வொரு குழுவுக்குள்ளயும் தமிழ் அகரவரிசை, இனிஷியலை விட்டுட்டு பேரோட முதல் எழுத்து. ஒரு மிஷின்ல 16 வரி, நோட்டாவும் அதுல அடக்கம். 15 வேட்பாளருக்கு மேல போனா ரெண்டாவது மிஷின் வந்துரும். நம்ம ஆளு 19-ன்னா "ரெண்டாவது மிஷின், மேல இருந்து மூணாவது" அப்படின்னுதான் மைக்ல சொல்லணும். வெறும் "வரிசை எண் 19" னு கத்துனா பாட்டிமாருக்குப் புரியாது.

மாதிரி மிஷின் காட்டலாம். மரத்துல, பிளாஸ்டிக்ல, பிளைவுட்ல செஞ்சுக்கலாம், நிஜ மிஷின்ல பாதி அளவு, நிறம் பழுப்பு, மஞ்சள் அல்லது சாம்பல். அதுல மத்த வேட்பாளர் பேரோ சின்னமோ இருக்கக்கூடாது.

கூட்டம், வண்டி, மைக் அனுமதி எல்லாம் ஆன்லைன்ல, குறைஞ்சது 48 மணி நேரம் முன்னாடி. முதல்ல கேட்டவருக்கு முதல்ல. மைக் காலை 6 முதல் ராத்திரி 10 வரைக்கும். வண்டி அனுமதியோட அசல் கண்ணாடியில ஒட்டியிருக்கணும், நகல் ஆகாது.

சித்திரைத் திருவிழாவைப் பாத்துக்கங்க. 2019-ல ஓட்டுப்பதிவு ஏப்ரல் 18, அன்னிக்கே மீனாட்சி அம்மன் தேர், மதுரை நாடாளுமன்றத் தொகுதிக்கு மட்டும் ராத்திரி 8 மணி வரைக்கும் ஓட்டு. 2024-ல ஓட்டுப்பதிவு 19, அழகர் ஆத்துல இறங்குனது 23. தேர்தல் ஏப்ரல்ல வந்தா அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் பாதையில பிரசார வண்டியை நம்பாதீங்க. மோர்ப் பந்தல் போட்டு அதுல கொடி, சின்னம் வச்சா செலவுக் கணக்குலயும் ஏறும், புகாரும் வரும்.

தெற்குவாசல்

ஓட்டுக்குக் காசு கொடுக்கிறதைப் பத்தி ஒருத்தரும் பேசலையே. 2009 இடைத்தேர்தலுக்கு அப்புறம் திருமங்கலம் பேரே அதுக்குத்தானே ஆகிப்போச்சு.

வில்லாபுரம் அக்கா

அதுல போட்டி போட நம்மகிட்ட என்ன இருக்கு? புகார் குடுக்கிற வேலையை மட்டும் ஒழுங்காச் செய்யலாம். தேர்தல் ஆணையத்தோட சிவிஜில் புகார் செயலியில அந்த இடத்துல நின்னு அப்பவே எடுத்த படம், வீடியோதான் ஏறும், கேலரியில இருக்கிற பழசு ஏறாது. 100 நிமிஷத்துக்குள்ள நடவடிக்கைங்கிறது கணக்கு. தெருவுக்கு ஒரு பொண்ணு கையில அது இருக்கணும், செல்போன்ல இருப்பிடம் ஆன்ல இருக்கணும்.

பூத் ஏஜென்ட்டுக்குப் பொம்பளைங்களைப் போடுங்க. யாரு எந்த வீடு, யாரு கல்யாணமாகிப் போயிட்டா எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். ஆனா விடியக்காலை 5 மணிக்கு வீட்ல இருந்து கூட்டிட்டுப் போக ஆட்டோ, கழிப்பறை இருக்கிற பள்ளிக்கூடமான்னு முன்னாடி நாளே பாத்து வைக்கணும். அரசு ஊழியரைப் போட்டுறாதீங்க, அது குற்றம். ரேஷன் கடை, அங்கன்வாடி ஆளுங்களை எண்ணிக்கை ஏஜென்ட்டாப் போட முடியாது.

செல்லூர் தறி

பூத்துக்குள்ள என்ன பாக்கணும்னு நாலாம் நம்பர் அண்ணன் சொன்னா அப்படியே பயிற்சிக்கு எடுத்துக்குவோம்.

நாலாம் நம்பர் பூத்

ஏஜென்ட்டை நியமிக்கிற படிவம் 10-ல வேட்பாளரோ தலைமை ஏஜென்ட்டோ கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்க. அந்தக் கையெழுத்து மாதிரி ஏற்கனவே பூத் அலுவலர்கிட்ட இருக்கும், ஒத்துப்போகணும். 600 படிவத்துலயும் ஒருத்தரே கையெழுத்துப் போட ரெண்டு நாள் ஆகும், கடைசி ராத்திரிக்கு வைக்காதீங்க. ஏஜென்ட் அந்தப் பூத் அல்லது பக்கத்துப் பூத் வாக்காளரா இருக்கணும். கிடைக்கலைன்னா அதே தொகுதிக்காரர் யாரா இருந்தாலும் சரி. வாக்காளர் அட்டை கையில, செல்போன் வீட்ல.

மாதிரி வாக்குப்பதிவுல குறைஞ்சது 50 ஓட்டு. ஏஜென்ட் வரலைன்னா 15 நிமிஷம் பாப்பாங்க, அப்புறம் ஆரம்பிச்சிருவாங்க. எண்ணிக் காட்டுன பிறகு மிஷின்ல பூஜ்யம் வந்துச்சா, விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டா அச்சடிச்சுக் காட்டுற கருவி) பெட்டியில இருந்து மாதிரிச் சீட்டை வெளிய எடுத்தாங்களா, இது ரெண்டையும் கண்ணால பாக்கணும். பிறகு கட்டுப்பாட்டுக் கருவி, வாக்குக் கருவி, விவிபேட் மூணோட வரிசை எண்ணையும், பச்சைத் தாள் சீல் நம்பரையும் ஒரு தாள்ல எழுதிக்கணும். சீல்ல உங்க ஆளும் கையெழுத்துப் போடலாம், போடச் சொல்லுங்க.

உக்காருற இடமும் வரிசைப்படிதான், பெரிய கட்சி முன்னாடி, நம்ம ஆளு பின்னாடி. அங்க இருந்து வாக்காளர் முகம் தெரியலைன்னா அலுவலர்கிட்ட மரியாதையாச் சொல்லி நாற்காலியை நகர்த்தணும், சண்டை வேணாம்.

மதியம் 2 மணிக்கு மேல ஒரு வியாதி வரும். பெரிய வேட்பாளரோட ஆளு வெளிய கூப்பிட்டுப் பிரியாணி வாங்கிக் குடுத்து, "நீ போ தம்பி, உன் பாஸ்ல எங்காளு உக்காருவான்"பான். மாத்து ஆள் சரியான நேரத்துக்கு வந்தா இது நடக்காது.

முடிஞ்சதும் படிவம் 17சி. மொத்தம் எத்தனை ஓட்டுப் பதிவாச்சுன்னு பூத் அலுவலர் கையெழுத்தோட நகல் தரணும், கேட்டு வாங்காம வெளிய வராதீங்க. 2019-ல மதுரை மருத்துவக் கல்லூரியில ஆவணம் வச்சிருந்த அறைக்குள்ள அனுமதியில்லாம வட்டாட்சியர் ஒருத்தர் போனதா பெரிய பிரச்சினை ஆச்சுல்ல, அந்த மாதிரி நேரத்துல வேட்பாளர்கிட்ட இருக்கிற 17சி கட்டுத்தான் பேசும். அன்னிக்கு ராத்திரியே பகுதி வாரியா வசூல் பண்ணி, பாகம் எண் வரிசையில அடுக்கிருங்க.

எண்ணிக்கைக்கு மேசைக்கு ஒருத்தர், பொதுவா தொகுதிக்கு 14 மேசை, தபால் ஓட்டு எண்ணுற அலுவலர் மேசைக்கு ஒருத்தர், ஆக 15. எண்ணிக்கை ஏஜென்ட்டை நியமிக்கிற படிவம் 18-ஐ எண்ணிக்கைக்கு மூணு நாள் முன்னாடி சாயங்காலம் 5 மணிக்குள்ள போட்டோவோட குடுக்கணும். உள்ள போனதும் மிஷின் நம்பரும் மொத்த ஓட்டும் 17சி-யோட ஒத்துப்போகுதான்னு பாத்துட்டுத்தான் ரிசல்ட் பட்டனை அமுக்க விடணும்.

செல்லூர் தறி

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. உறுப்பினர் நோட்டைப் பாகம் வாரியாப் பிரிச்சதுல மதுரை வடக்குலயும் மேற்குலயும் மட்டும்தான் பாதிப் பூத்துக்கு ஆள் தேறுது. கிழக்குல மூணுல ஒரு பங்கு. தலைமைக்கு இந்தத் தாளையே அனுப்பப் போறேன். கிழக்கை விடுறதுக்கு மனசு வரல.

நாலாம் நம்பர் பூத்

கிழக்குல ஒத்தக்கடை, நரசிங்கம் பக்கம் மட்டும்தான் ஆளுன்னா விட்டுருங்க. அந்த ஆளுங்களை வடக்குக்கு ஏஜென்ட்டாக் கொண்டுவர முடியாது, தொகுதி மாறிரும். பிரசாரத்துக்கு மட்டும் கூட்டிக்கங்க.

கணக்கப்பிள்ளை

வடக்குக்கும் மேற்குக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு, தனித்தனிப் பதிவேடு. ஒரே மைக்செட் வண்டி இரண்டு தொகுதிக்கும் போனால் செலவைப் பிரித்து இரண்டிலும் எழுதுங்கள்.